சொன்ன வாயே சொல்லட்டும்

அத்தியாயம் 14

ஃபாஜில் இந்த வாரம் முழுக்கத் தூங்கவில்லை. தூங்கியிருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

போன வாரம் அந்தத் தேர்வுக் கூட்டத்தில் அவன் என்ன செய்துவிட்டு எழுந்து வந்தான் என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தஞ்சாவூரிலிருந்து வல்லம் போகிற வழியில் ‘காவேரி ஹாரியர்ஸ்’ என்ற தொழில்முறை ஹாக்கி அணியின் இளையோர் பயிற்சி மையம் இருக்கிறது. மன்னார்குடி, குடவாசல், வலங்கைமான் என்று பள்ளிக்கூட மைதானமாகச் சுற்றி, தேறுவான் என்று தோன்றுகிற பையன்களைக் கொண்டுவந்து, இரண்டு வருடம் சோறு போட்டு ஓடவிட்டுப் பழக்குவார்கள். அதற்குப் பிறகு ஒரு நாள் உட்கார்ந்து, யாரைப் பெரிய அணிக்கு ஏற்றுவது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்வார்கள். அப்படி முடிவு செய்கிற மூன்று மதிப்பீட்டாளர்களில் ஃபாஜில் ஒருவன்; மற்ற இருவர் சுடர்விழியும் கோல்கீப்பர் கோச்சும்.

கூட்டத்தில் தலைமைப் பயிற்சியாளர் குணசேகரன் கேட்பது ஒரே கேள்விதான். “கடைசி நிமிஷம். எதிராளிக்கு பெனால்டி கார்னர். இவனை உள்ள இறக்குவீங்களா?” ஆமாம் அல்லது இல்லை. விளக்கம் கூடாது.

ஆஸிமின் பெயர் வந்தபோது பிசியோதெரபிக்காரர் ஒரு கிண்டல் அடித்தார். “ஃபாஜில்கிட்ட கேக்கவே வேணாம் சார். பொண்டாட்டி தம்பிக்கு இல்லைன்னு சொல்லிட்டு அவர் வீட்ல சோறு திங்க முடியுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஃபாஜிலுக்குக் காது சூடாகிவிட்டது. போன வருடம் தங்கை மகனை உள்ளே நுழைத்ததற்காக ஒரு பயிற்சியாளரை மரியாதை இல்லாமல் வெளியே அனுப்பியது நினைவுக்கு வந்தது.

“இல்லை” என்றான்.

ஒரு சொல். அதோடு ஆஸிமின் பெயர் கீழே போயிற்று.

இன்று வெள்ளிக்கிழமை. வீட்டுக்கு அனுப்புகிற பையன்களுக்குச் சொல்கிற நாள்.

அந்த மையத்தில் இதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. போனில் சொல்லக் கூடாது, பலகையில் ஒட்டக் கூடாது. ஒவ்வொருவனையும் தனியாகக் கூப்பிட்டு முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். அதுவும் காலைப் பயிற்சிக்கு அவன் ஷூ மாட்டுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். கயிறு கட்டி முடித்தவனைக் கழற்றச் சொல்வது பாவம் என்பது குணசேகரனின் கட்சி. மனிதர் முரட்டு ஆள்தான், ஆனாலும் அவருக்கும் இப்படிச் சில ஈரமான இடங்கள் இருந்தன.

விடிந்தும் விடியாத நேரத்தில் ஃபாஜில் அவர் அறைக்குப் போனான். ஜன்னலுக்கு வெளியே நீல டர்ஃப் மைதானத்துக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

“சார், ஆஸிமுக்கு மட்டும் நீங்க சொல்லிடுங்களேன்.”

“ஏன்?”

“வீட்டுப் பையன் சார்.”

“மத்தவனெல்லாம் ரோட்டுல கிடந்தானா? அவனவன் அவனவன் வீட்டுப் பையன்தான். சொன்ன வாயே சொல்லட்டும் ஃபாஜில்.”

ஃபாஜில் நகரவில்லை. ஒரு வாரமாக நெஞ்சுக்குள் உருட்டிக்கொண்டிருந்ததை ஒருவழியாக வெளியே தள்ளினான்.

“சார், அன்னைக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன். அவனை இறக்கலாம். இறக்கணும் சார்.”

குணசேகரன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். கத்துவார் என்று ஃபாஜில் எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் தேவலாம் போலிருந்தது. அவர் களைப்பாகத்தான் பேசினார்.

“சுடர்விழி ஆமான்னாங்க. கோல்கீப்பர் கோச்சும் ஆமான்னார். எனக்கும் ஆமாதான். அவன் பேரை மேல சொல்லலாம்னு வாயெடுத்தேன். நீங்க இல்லைன்னீங்க. சொந்த மச்சானே வேணாங்கிறாரேன்னு எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு. கூடவே இருந்து பாத்த மனுசனுக்கு, நம்ம கண்ணுக்குத் தெரியாத ஏதோ தெரிஞ்சிருக்குன்னு நெனச்சேன். வேற எவன் இல்லைன்னிருந்தாலும் நான் சட்டை பண்ணியிருக்க மாட்டேன்.”

தன் ‘இல்லை’யை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், மற்ற இரண்டு பேரும் சேர்ந்து ஆஸிமைக் கரையேற்றிவிடுவார்கள், தன் பெயரும் கெடாது, பையனும் பிழைத்துக்கொள்வான் என்றுதான் ஃபாஜில் மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தான். கணக்கு இப்படித் தலைகீழாகும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

“இப்ப மாத்திச் சொல்றேன் சார்.”

“இப்பச் சொல்றது அவன் மச்சான். அன்னைக்குச் சொன்னது ஃபாஜில். நான் எதை எடுத்துக்கிறது?” குணசேகரன் எழுந்தார். “அந்த இடத்துக்கு வேற பையன் வீட்ல கையெழுத்து வாங்கியாச்சு. அவன் அப்பா நேத்து ராத்திரியே ஊரைக் கூட்டிட்டார். போங்க, ஷூ மாட்டுறதுக்குள்ள போய்ச் சொல்லுங்க.”

ஆஸிம் ஷூ மாட்டி முடித்திருந்தான். எப்போதும் அவன்தான் முதல் ஆள்.

பத்தொன்பது வயது. ஒல்லி. இடது முழங்காலுக்குக் கீழே பந்து பட்ட தழும்பு. எதிரணிக்கு பெனால்டி கார்னர் கிடைக்கும்போது கோல் கோட்டிலிருந்து பாய்ந்து, பந்தை அடிக்கப் போகிறவனை நோக்கி முதலில் ஓடுகிற வேலை அவனுடையது. பந்து நேராக உடம்புக்குத்தான் வரும். மற்ற பையன்கள் கடைசி நொடியில் முகத்தைத் திருப்புவார்கள். ஆஸிம் திருப்ப மாட்டான். இரண்டு வருடத்துக்கு முன்னால் மன்னார்குடியில் நடந்த ஒரு போட்டியில் சுடர்விழி அவனைக் கவனித்து அழைத்து வந்ததும் இதற்காகத்தான். அவன் ஃபாஜிலின் மச்சினன் என்பதே அவளுக்கு அப்புறம்தான் தெரியும்.

அப்படிப்பட்டவனைத்தான் கடைசி நிமிஷத்துக்கு ஆகமாட்டான் என்று ஃபாஜில் சொல்லியிருந்தான்.

“ஆஸிம், கொஞ்சம் வா.”

அவ்வளவுதான். அந்த மையத்தில் அந்தக் காலையில், அந்த நேரத்தில், ‘கொஞ்சம் வா’ என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாப் பையன்களுக்கும் தெரியும். ஆஸிம் வந்தான். வந்து நின்று, மட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டான்.

“இல்லையா மச்சான்?”

ஃபாஜில் தலையசைத்தான்.

“யார் சொன்னா?”

“எல்லாருமாச் சேர்ந்து எடுத்த முடிவுடா.”

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. ஆஸிம் அங்கேயே உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்தான். ஈரக் கயிறு, முடிச்சு இறுகியிருந்தது. ஃபாஜில் குனிந்து உதவப் போனான்.

“வேணாம் மச்சான். நான் பாத்துக்கிறேன்.”

அதிராம்பட்டினத்துக்குப் போக, இரண்டு பேரும் தஞ்சாவூரில் பட்டுக்கோட்டை பஸ் ஏறினார்கள். மட்டைப் பை மேலே இருந்த கம்பியில் நிற்கவில்லை. “தம்பி, கம்பை ஆளுங்க கண்ணுல குத்தாம வையி” என்று கண்டக்டர் இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனார். ஆஸிம் அதை மடியில் வைத்துக்கொண்டான்.

ஒரத்தநாடு தாண்டியதும் ரோட்டின் பாதியில் நெல் காயப் போட்டிருந்தார்கள். சம்பா அறுவடை முடிகிற நேரம். டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே பஸ்ஸை ஒதுக்கி ஓட்டினார். ஃபாஜில் நூறு தரம் வாயைத் திறக்கப் பார்த்தான். இந்த ரோட்டில் எத்தனையோ பையன்களின் அப்பா அம்மாக்களை உட்காரவைத்து அவன் பேசியிருக்கிறான். பையன் தேறுவான், தேற மாட்டான் என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறான். ஹாக்கி விஷயத்தில் ஃபாஜில் பொய் சொல்ல மாட்டான் என்று இந்த வட்டாரம் முழுக்கப் பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றத்தான் இந்தக் கூத்தெல்லாம். இப்போது அந்தப் பெயரே நெருப்பாகச் சுட்டது.

பட்டுக்கோட்டை வரும்போது ஆஸிம்தான் பேசினான்.

“வீட்ல நான் சொல்லிக்கிறேன் மச்சான். உம்மா உங்களைக் கேட்டுக் குடையும். நீங்க ஒண்ணும் சங்கடப்படாதீங்க.”

ஃபாஜிலுக்கு அந்த நிமிஷமே பஸ்ஸிலிருந்து இறங்கி எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் எங்கே ஓடுவது? போகிற வீடும் ஆஸிமின் வீடுதான்.

அதிராம்பட்டினத்து வழக்கம் அது. வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து பெண்டாட்டி வீட்டில் வாழ்வான். வீட்டு ஆண்பிள்ளை நாளை இன்னொரு வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போவான். அப்படித்தான் ஃபாஜில் ஜஸீலாவின் வீட்டில் இருந்தான், நடுக்கூடத்து நாற்காலியும் ஆணம் என்கிற மீன் குழம்பில் நல்ல துண்டும் தனக்கென்று ஒதுக்கியிருக்க, மாமியாரின் ‘வாங்க மாப்பிள்ளை’யில் நனைந்துகொண்டு.

தெருமுனையிலேயே நெய்ச்சோற்று வாசம் வந்தது. ஜன்னத் பீவி மகன் தேறிவிட்டான் என்றே முடிவு கட்டி, காலையிலேயே கறி வாங்கி அடுப்பில் ஏற்றிவிட்டார். மாப்பிள்ளை உள்ளே இருக்கும்போது மகன் எப்படித் தேறாமல் போவான்? அது அந்த அம்மாளின் நியாயம்.

“வாங்க மாப்பிள்ளை. டேய், என்னடா முகம் இப்படி இருக்கு? வெயிலா?”

“உம்மா, என்னைய எடுக்கல” என்றான் ஆஸிம், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

ஜன்னத் பீவி மகனைப் பார்க்கவில்லை. மருமகனைப் பார்த்தார். பார்வையில் கோபம் கிடையாது. புரியாமைதான் இருந்தது.

“நீங்க அங்கதானே இருந்தீங்க மாப்பிள்ளை? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

ஃபாஜில் மாடிப்படி ஏறினான். வேறு என்ன செய்வான்?

ஜஸீலா பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள். பதினொரு வருடமாக அவன் முகத்தைப் பார்த்துப் பழகியவள். அவளிடம் எதை மறைப்பது?

“நீங்க என்ன சொன்னீங்க?”

“இல்லைன்னு.”

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“அவன் ஆட்டம் சரியில்லையா?”

“நல்லா ஆடுறான். அவனை மாதிரி ஒருத்தன் அங்க இல்ல.”

“அப்புறம் ஏன்?”

“சிரிச்சாங்க ஜஸீலா.”

“சிரிச்சாங்களா?”

“மச்சான்னு சொல்லிச் சிரிச்சாங்க.”

அவள் அவனையே பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் குரலை உயர்த்தக்கூட இல்லை.

“வாப்பா விசா வாங்கி வச்சிருக்கு, தெரியுமில்ல. துபாய்ல, சுஹைப் காக்கா கடைக்கு. டீம்ல எடுக்கலைன்னா கிளம்பணும்னுதான் பேச்சு. இன்னைக்கு அஸர் தொழுகைக்கு அப்புறம் பாஸ்போர்ட்டை ஏஜென்ட்கிட்ட கொண்டுபோய்க் கொடுத்துடும்.” கட்டில் விரிப்பை இழுத்துவிட்டாள். “இந்த வீட்டை எனக்குன்னு கொடுத்தாங்க. நம்மூரு வழக்கம், யாரும் ஒண்ணும் சொல்லல. அவனுக்குன்னு இருந்தது அந்தக் கம்பு ஒண்ணுதான்.”

ஃபாஜிலுக்குக் கண் கரித்தது. அழுதுவிட்டால் நன்றாயிருக்கும், ஆனால் அழுகிற உரிமைகூடத் தனக்கு இல்லை என்று தோன்றியது.

“நான் போய் அவன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடுறேன்.”

“சொன்னா எடுத்துக்குவாங்களா?”

“மாட்டாங்க. வேற பையனை எடுத்தாச்சு.”

“அப்பச் சொல்லாதீங்க.” எழுந்து முக்காட்டைச் சரிசெய்தாள். “உங்க மனசு ஆறணும்னு அவனை நோகடிக்காதீங்க. தெரியாத ஊருக்குப் போறான். உங்க ஒருத்தரையாவது நம்பிட்டுப் போகட்டும்.”

ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வரும்போது பள்ளிவாசல் வாசலில் நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். “என்ன மாப்பிள்ளை, மச்சினன் செலக்‌ஷன் என்னாச்சு?” மாமனார் லியாகத் அலி போன வாரம்தான் எல்லோரிடமும் துஆ செய்யச் சொல்லியிருந்தார். இப்போது அவரே முன்னால் வந்து, “நம்ம நாட்டம் ஒண்ணு, அல்லாஹ்வோட நாட்டம் ஒண்ணு” என்று சிரித்து அனுப்பிவைத்தார். இருபத்தாறு வருடம் துபாயில் கடையில் நின்று சம்பாதித்தவர். தன் பையனும் அந்த மாதிரி நிற்கக் கூடாது என்று இரண்டு வருடமாக ஹாக்கிக்கு வாய் மூடிச் சம்மதித்தவர். நடக்கும்போது தோள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஃபாஜில் நாலடி பின்தங்கியே வந்தான்.

வீட்டில் பாய் விரித்து சஹன் வைத்தார்கள். பெரிய தாம்பாளத்தில் நெய்ச்சோறு, நடுவில் கறி. மூன்று ஆண்களும் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆஸிமுக்கு எதிரே ஃபாஜில். ஜன்னத் பீவி எலும்பில்லாத நல்ல துண்டாகப் பார்த்து, வழக்கம்போல மருமகன் பக்கம் தள்ளிவைத்தார். ஜஸீலா தண்ணீர்ச் செம்புடன் அடுக்களை வாசலில் நின்றாள்.

“சாயங்காலம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துடலாம்டா” என்றார் லியாகத் அலி, சோற்றைப் பிசைந்துகொண்டே.

“சரி வாப்பா.”

இவ்வளவு சீக்கிரம் ‘சரி’ வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கை நின்றுவிட்டது.

“போறேன் வாப்பா. எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும்.” ஆஸிம் ஃபாஜிலைப் பார்த்தான். “மச்சான், காலைல கிளம்புறப்ப சுடர்விழி அக்கா வாசல்கிட்ட வந்து நின்னாங்க. சொல்லக் கூடாதாம், ஆனாலும் சொன்னாங்க. மூணு பேர்ல ரெண்டு பேரு எனக்கு ஆமான்னு சொன்னாங்களாம். ஒருத்தர்தான் இல்லையாம்.”

ஃபாஜில் கையிலிருந்த கவளத்தை வாயில் போட்டுக்கொண்டான். பேசாமல் இருக்க அது ஒன்றுதான் வழி.

“அது நீங்க இல்லைன்னு எனக்குத் தெரியும். அந்த கோல்கீப்பர் கோச்சாத்தான் இருக்கும். பரவாயில்ல. என்ன குறைன்னு சார்கிட்ட நேராக் கேட்டுடுறேன். தெரிஞ்சா நிம்மதியாப் போயிடுவேன். தெரியலைன்னா அங்க போயும் அதையேதான் நெனச்சுக்கிட்டுக் கிடப்பேன்.” சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான்.

“சாப்பிடும்போது என்னடா போனு?” என்று ஜஸீலா குறுக்கே வந்தாள். குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. “அப்புறம் பேசிக்கலாம், வை.”

“இருக்கட்டும் லாத்தா, ஒரு நிமிஷம்.”

“கேக்கட்டும் விடு” என்றார் லியாகத் அலி. “எனக்கும் தெரியணும்.”

ஆஸிம் இடது கையால் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, போனைப் பாயில் சஹனுக்குப் பக்கத்தில் வைத்தான். மணி அடித்தது. குணசேகரன் எடுக்காமல் இருக்க வேண்டும் என்று ஃபாஜில் துஆ கேட்டான். ஜும்ஆவில்கூட அப்படி மனமுருகிக் கேட்டதில்லை.

“சொல்லுப்பா ஆஸிம்.”

“சார், தப்பா நெனச்சுக்காதீங்க. எனக்கு என்ன குறைன்னு மட்டும் சொல்லுங்க சார். யார் இல்லைன்னாங்களோ, அவங்க ஏன் அப்படிச் சொன்னாங்க?”

குணசேகரன் பதில் சொன்னார். குத்திக்காட்டுகிற குரலாக இல்லை, வருத்தமாகத்தான் கேட்டது.

“அவர் காலைல உன்கிட்ட சொல்லலையா? சொன்ன வாயே சொல்லணும்னுதானே உன்கிட்ட அனுப்பினேன். இல்லைன்னது உன் மச்சான்தாம்பா. ஏன்னு அவர்கிட்டயே கேளு. எனக்கும் இன்னும் விளங்கல.”

போன் அடங்கியது.

ஜன்னத் பீவியின் கையில் கரண்டி அப்படியே நின்றது. லியாகத் அலி சோற்றிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். எடுத்த கையைத் துடைத்துக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

ஆஸிம் மட்டும் ஃபாஜிலையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் கோபத்தைத் தேடினான் ஃபாஜில். இல்லை. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ஓரமாக வந்து நின்று, ‘என்ன தப்பு செஞ்சேன்?’ என்று கேட்பானே, அதே முகம்.

“அப்ப நெசமாவே என்கிட்ட ஏதோ இருக்கு” என்றான் மெதுவாக. “வேற யாராச்சும் சொல்லியிருந்தா நம்ப மாட்டேன். நீங்க பொய் சொல்ல மாட்டீங்க மச்சான். பந்து வரும்போது நான் பயப்படுறேனா? எனக்கே தெரியாம முகத்தைத் திருப்புறேனா?”

போனைத் தள்ளிவைத்துவிட்டு முன்னால் சாய்ந்தான்.

“சொல்லுங்க மச்சான். நான் பயந்தாங்கொள்ளியா?”

அடுக்களை வாசலில் ஜஸீலா, வேண்டாம் என்பதுபோல் மெல்லத் தலையசைத்தாள். ‘ஆமாம்’ என்றால் அந்தப் பையன் வாழ்நாளெல்லாம் அதை நம்புவான். ‘இல்லை’ என்றால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

வாயில் போட்ட கவளத்தை ஃபாஜில் இன்னும் விழுங்கவில்லை.